மூச்சு வாங்காமல் மாடி ஏற: உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு ஒரு 12 வார வழி

என் மதினிக்கு 52 வயது. காலை எட்டரை மணிக்குத் தையல் மெஷினில் உட்கார்ந்தால் இருட்டும்வரை அதே ஸ்டூல்தான். சுகருக்கு மாத்திரை எடுக்கிறார். போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி இரண்டாம் மாடியில். முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களையெல்லாம் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார். மேலே வந்து உட்கார்ந்ததும் என்னிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, நெஞ்சுல ஏதும் கோளாறா இருக்குமோ?"

மறுநாளே டாக்டரிடம் காட்டினோம். இ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோவும் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. "உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, நடங்கம்மா" என்றார் டாக்டர். எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம், வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்க மதினிக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்விகளெல்லாம் வந்தன. ஊரில் ஒருவர் எட்டுப் போட்டு நட என்றார். இன்னொருவர் தினம் பத்தாயிரம் அடி என்றார். மருமகன் போனில் நாலு நிமிஷப் பயிற்சி வீடியோ ஒன்றைக் காட்டினான்.

நான் எட்டு வருஷமாகக் காலையில் பள்ளி மைதானத்தில் நடப்பவன். புதிதாக வருபவர்கள் மூன்றாம் வாரத்தில் காணாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. தங்கள் உடம்பின் இன்றைய நிலைக்குப் பொருந்தாத முறையை எடுத்துக்கொண்டவர்கள். அப்படி யாரும் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதை வளர்க்கப் போகிறோம்

'தம்' என்று நாம் சொல்வதற்கு மருத்துவத்தில் ஓர் அளவு உண்டு. முழு மூச்சாக உழைக்கும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடம்பால் பயன்படுத்த முடிகிறது என்ற கணக்கு அது. வி.ஓ.2 மேக்ஸ் என்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்க 3.5 போதும். விறுவிறுப்பான நடைக்கு ஏறத்தாழ 15 வேண்டும். மாடிப்படியைக் கடகடவென்று ஏற 28 வரை வேண்டியிருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண்ணின் உச்சமே 22, 23 என்று இருப்பது சாதாரணம். மதினி திருப்பத்தில் நின்றதற்கு இதுதான் காரணம். கேட்டது 28, கையிருப்பு 22. ஒரு மாடிவரை தசைகள் கடன் வாங்கி ஓட்டின, அதற்கு மேல் முடியவில்லை.

இந்தக் கையிருப்பு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதற்கு அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1966இல் நடந்த ஓர் ஆய்வு பேர்போனது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். எழுந்தபோது அவர்களுடைய தம் கால்பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது வருஷ வயது குறைத்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை குறைத்ததுதான் அதிகம். அதன்பின் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, ஐம்பது வயதில் அவர்கள் தங்கள் இருபது வயது அளவுக்கே திரும்பினார்கள். "இந்த வயசுக்கு மேல என்ன ஆகப்போகுது" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஐவர்தான் நினைவுக்கு வருவார்கள்.

காலடி எடுத்து வைக்கும் முன்

நாற்பது தாண்டியவர், சுகர் அல்லது பிரஷர் உள்ளவர், இதய நோய் இருந்தவர், படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறவர் எல்லோரும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மெதுவான நடையில் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் வருஷக்கணக்காக அசையாமல் இருந்த உடம்பைத் திடீரென்று முழு வேகத்தில் இறக்கினால், அந்த நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. படிப்படியாகப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை தாழ்ந்துபோகலாம். பையில் நாலு மிட்டாயோ ஒரு குளுக்கோஸ் பொட்டலமோ இருக்கட்டும். கை நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் உடனே நின்று வாயில் போட வேண்டும். வெறுங்காலில் நடக்காதீர்கள். வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, கொப்புளம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிரஷருக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் ஏறாது. அவர்கள் துடிப்புக் கணக்கை விட்டுவிட்டு மூச்சை வைத்தே அளக்கட்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நடக்கும்போது நெஞ்சு நடுவில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, இவற்றில் எது வந்தாலும் "இந்த ஒரு ரவுண்டை முடிச்சிடலாம்" என்று நினைக்காதீர்கள். உட்காருங்கள். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

மற்றபடி செலவு அதிகமில்லை. குதிகால் நன்றாகப் பிடித்து நிற்கும், முன்விரல்களுக்குக் கொஞ்சம் இடம் விடும் ஷூ ஒன்று போதும். சேலையில் நடப்பவர்கள் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் இருக்கும்படி கட்டினால் வேகநடையில் தடுக்காது. மதினி கடைசியில் சுடிதாருக்கு மாறிக்கொண்டார். தானே தைத்தது.

முதல் நாள்: அளந்து எழுதி வையுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. செய்தால் மூன்றாம் வாரத்தில் நின்றுபோகிறவர்களில் பாதிப்பேர் நிற்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. எடை மெஷினை மட்டும் நம்பியிருந்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது.

சமதளமான ஓர் இடம் பாருங்கள். 200 மீட்டர் ஓடுபாதை உள்ள பள்ளி மைதானம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நேரான தெருவில் 30 மீட்டரை அளந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளலாம். போனில் ஆறு நிமிடம் வைத்து, ஓடாமல், உங்களால் முடிந்த நல்ல நடையில் போய்க்கொண்டே இருங்கள். மூச்சு வாங்கினால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் ஓடட்டும். மணி அடித்ததும் நடந்த தூரத்தைக் குறியுங்கள். உடனே மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து 15 விநாடிக்கு நாடியை எண்ணி நாலால் பெருக்குங்கள். சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். மொத்தம் மூன்று எண்கள்: தூரம், முடித்த உடன் துடிப்பு, ஒரு நிமிடம் கழித்துத் துடிப்பு. தம் கூடக்கூட முதல் எண் ஏறும், மற்ற இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் அகலும்.

மதினியின் முதல் நாள் கணக்கு: 410 மீட்டர், 128, 116. ரவிக்கை அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்.

வேகத்தை எப்படித் தெரிந்துகொள்வது

பயிற்சி முறைகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசமே வேகம்தான். ஆகவே இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொதுவாகச் சொல்வது இதுதான்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடும் உழைப்பு. புதியவர்களுக்கு நான் இதை இன்னும் எளிதாக்கிச் சொல்வேன். நடந்துகொண்டே உங்கள் போன் நம்பரைச் சத்தமாகச் சொல்லுங்கள். பத்து எண்ணும் ஒரே மூச்சில் சாவகாசமாக வந்தால் அது உலாவல். பத்தும் வருகிறது, ஆனால் முடித்ததும் ஆழமாக ஒரு மூச்சு இழுக்க வேண்டியிருக்கிறது என்றால் மிதம். ஐந்தாவது எண்ணில் மூச்சுக்காக நிற்கிறீர்கள் என்றால் அது வேகம். ஒரு எண்கூடச் சொல்ல வரவில்லை என்றால் அளவு மீறிவிட்டது, குறையுங்கள்.

கால் கணக்கும் உண்டு. 15 விநாடியில் 25 அடி, அதாவது நிமிடத்துக்கு 100, என்றால் பெரும்பாலானவர்களுக்கு மிதமான நடை. நிமிடத்துக்கு 130ஐ நெருங்கினால் வேகநடை. நாடிக்கு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் உத்தேச உச்சத் துடிப்பு கிடைக்கும். 50 வயதுக்கு 173. இது சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு மேலும் கீழும் இருக்கும், அதனால் மூச்சு சொல்வதையே முதலில் நம்புங்கள்.

எந்த முறை?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் அப்போது எடுத்துவிட்டார்கள். கடைக்குப் போய்வரும் ஏழு நிமிடமும் இப்போது கணக்கில் சேரும்.

ஒரே சீரான மித நடை எல்லோருக்கும் தெரிந்தது. "வெறும் நடையில் தம் கூடாது" என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். நார்வேயின் டிரோன்ட்ஹைமில் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வுதான் பெரும்பாலும் அதற்கு ஆதாரம். நாலு நிமிடம் கடுமையாக ஓடி மூன்று நிமிடம் தளர்த்துவது, இப்படி நாலு முறை. எட்டு வாரத்தில் இதைச் செய்தவர்களுக்கு வி.ஓ.2 மேக்ஸ் 7 சதவீதம் கூடியது, மெதுவாக நீண்ட நேரம் ஓடியவர்களுக்குக் கூடவில்லை. ஆனால் அதில் ஓடியவர்கள் ஏற்கெனவே ஓரளவு பயிற்சியுள்ள ஆண்கள். தையல் மெஷினிலிருந்து எழுந்து வருபவரின் கதை வேறு. அதே 2007இல் அமெரிக்காவில், மாதவிடாய் நின்ற, உடலுழைப்பு இல்லாத, எடை கூடிய 464 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வாரத்துக்குச் சுமார் 72 நிமிட மிதப் பயிற்சி செய்தவர்களுக்கே தம் 4 சதவீதம் கூடியது. சுமார் 136 நிமிடத்துக்கு 6 சதவீதம், 192 நிமிடத்துக்கு 8 சதவீதம். எடையில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. எடை குறையவில்லை என்று பயிற்சியை விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தராசில் தெரியாமலே உள்ளுக்குள் உடம்பு மாறிக்கொண்டிருக்கிறது.

ஆக, தொடங்குகிறவருக்குச் சீரான நடை போதும், நன்றாகவே வேலை செய்யும். ஒன்றிரண்டு மாதத்தில் அந்த நடை உடம்புக்குச் சுலபமாகிவிடுகிறது, முன்னேற்றமும் அங்கேயே தங்கிவிடுகிறது. பல வருஷமாக ஒரே வேகத்தில் பேசிக்கொண்டே மைதானத்தைச் சுற்றுபவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் நடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுகருக்கும் மனசுக்கும் அது நல்லது. தம் மட்டும் அதற்கு மேல் வளராது.

எட்டு நடையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளியே போக வசதியில்லாதவர்களுக்கு, மொட்டை மாடியில் பாதுகாப்பாக நடக்க நல்ல வழி. வளைவுகளில் கால் ஊன்றிப் பழகுவதால் தடுமாற்றமும் குறையலாம். ஆனால் சில அடிக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருப்பதால் நடை வேகம் பிடிக்காது. போன் நம்பர் பத்தும் எப்போதும் சாவகாசமாகவே வந்துகொண்டிருக்கும். முதல் மாதத்துக்கு எட்டு சரி. அதற்குப் பிறகு மாடியில் நீளமான ஓரத்தைப் பிடித்து நேராக நடங்கள்.

இனி நான் மனதாரச் சிபாரிசு செய்யும் முறைக்கு வருகிறேன். ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி நோசேயும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. மூன்று நிமிடம் வேகநடை, மூன்று நிமிடம் மெதுநடை, இப்படி ஐந்து முறை, வாரத்தில் நாலு நாள். அவ்வளவுதான். சராசரி 63 வயதுள்ள 246 பேரை வைத்து ஐந்து மாதம் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் தினம் எண்ணாயிரம் அடிக்கு மேல் சீராக நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் இந்த மாற்று நடை. மாற்று நடைக்காரர்களுக்கு நடக்கும் தம் 9 சதவீதம் கூடியது, முட்டியை நீட்டும் தொடைத் தசையின் வலு 13 சதவீதம் கூடியது, மேல் ரத்த அழுத்தமும் சீராக நடந்தவர்களைவிட அதிகமாக இறங்கியது.

இது ஏன் வேலை செய்கிறது? வேகமான மூன்று நிமிடத்தில் இதயம் தன் உச்சத்துக்குப் பக்கத்தில் போய்வருகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளிப் பழகுகிறது. அதே வேகத்தில் அரை மணி நேரம் நடக்கச் சொன்னால் புதியவர் பத்தாவது நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார். நடுவில் மூன்று நிமிடம் ஆற விடுவதால், மொத்தம் பதினைந்து நிமிடம் அந்த வேகத்தில் இருக்க முடிகிறது. ஓடத் தேவையில்லை. இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விடுவதில்லை, அதனால் முட்டிக்கு அடி குறைவு. சேலையிலும் வேட்டியிலும் செய்யலாம். நம் ஊர் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

நார்வேயின் நாலுக்கு நாலு இதற்கு அடுத்த படி. வேகமான நாலு நிமிடமும் உச்சத் துடிப்பில் 90 சதவீதத்தைத் தொட வேண்டும். 50 வயதுக்காரருக்கு 156 வரும். டிரெட்மில்லின் ஏற்றத்திலோ நிஜமான ஏற்றச் சாலையிலோ வேகமாக நடந்தே இதை எட்டலாம். டிரோன்ட்ஹைமில் எழுபது தாண்டியவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள், ஆனால் அங்கே ஆய்வாளர்களின் மேற்பார்வை இருந்தது. நீங்கள் இந்த 12 வாரத்தை முடித்த பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போகலாம்.

என் மதினிக்கு மருமகன் காட்டிய நாலு நிமிட வீடியோ டபாட்டா முறை. 20 விநாடி வெறித்தனமான உழைப்பு, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு முறை. இசுமி டபாட்டா 1996இல் வெளியிட்ட அசல் ஆய்வில் இதைச் செய்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள், சைக்கிள் பொருத்திய கருவியில், தங்கள் வி.ஓ.2 மேக்ஸைவிட 70 சதவீதம் கூடுதலான சுமையில் மிதித்தார்கள். கூடத்தில் நின்று குதிக்கும் வீடியோ அதுவல்ல. அசல் கடுமை புதியவருக்கு ஆகாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உழைப்பில்லாத ஆண்களை வைத்து, பத்து நிமிடப் பயிற்சிக்குள் மூன்றே மூன்று 20 விநாடி முழுவேகச் சைக்கிள் மிதிப்பு வைத்துப் பார்த்தார்கள். 12 வாரத்தில் அவர்களுக்கும், 45 நிமிடம் மிதமாக மிதித்தவர்களுக்கும் தம் ஒரே அளவு, 19 சதவீதம் கூடியது. நேரம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில், நிலைச் சைக்கிளில், பரிசோதித்த பிறகு நடந்தது. சுகரும் பிரஷரும் உள்ள ஒருவர் வீட்டில் தனியாகச் செய்யக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அதே மெக்மாஸ்டரில் செய்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். உழைப்பில்லாத இளம் வயதினர், 60 படியை வேகமாக ஏறுவது, நாளைக்கு மூன்று தடவை, நடுவில் மணிக்கணக்கான இடைவெளி, வாரத்தில் மூன்று நாள். ஆறு வாரத்தில் தம் சுமார் 5 சதவீதம் கூடியது. உடை மாற்ற வேண்டாம், மைதானம் வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவர்களும் மாடி ஆபீஸ்காரர்களும் நடைக்குத் துணையாக இதைச் சேர்க்கலாம். முட்டி வலி உள்ளவர்கள் ஏறிவிட்டு, இறங்க லிஃப்டை எடுங்கள். முட்டியைப் படுத்துவது பெரும்பாலும் இறங்குவதுதான்.

முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கும் எடை அதிகம் உள்ளவர்களுக்கும் சைக்கிளோ நிலைச் சைக்கிளோ நல்லது, மூன்றுக்கு மூன்று கணக்கை அதிலும் அப்படியே வைக்கலாம். இருக்கையை மட்டும் உயர்த்தி வையுங்கள், மிதி கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும். ஸ்கிப்பிங் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம், கெண்டைக்காலும் குதிகாலும் தாங்காது. நீச்சல் தெரிந்தவர்கள் தாராளமாக நீந்துங்கள். தண்ணீரில் துடிப்பு பத்துப் பன்னிரண்டு குறைவாகவே காட்டும், குறைகிறதே என்று கூட்டப் போக வேண்டாம்.

12 வாரம், படிப்படியாக

எந்த நாளானாலும் முதல் ஐந்து நிமிடம் உலாவல், கடைசி ஐந்து நிமிடம் உலாவல். வேகமாக நடந்துவிட்டு அப்படியே நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். அதனால் கடைசி ஐந்தை விட்டுவிடாதீர்கள். கீழே சொல்லும் நிமிடங்களில் இந்தப் பத்தும் சேராது.

முதல் இரண்டு வாரம் வாரத்தில் ஐந்து நாள், பதினைந்து நிமிட மித நடை. முடிக்கும்போது "இன்னும் நடக்கலாம் போலிருக்கே" என்று தோன்ற வேண்டும். தோன்றினாலும் நிறுத்திவிடுங்கள். மூச்சும் இதயமும் ஓரிரு வாரத்திலேயே தேறத் தொடங்கும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடி ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவு கூடும். ஆனால் முட்டி, கணுக்கால், குதிகால் தசைநார்கள் அவ்வளவு சீக்கிரம் தேறாது. ஆர்வமுள்ளவர்கள் மூன்றாம் வாரத்தில் குதிகால் வலியோடு வீட்டில் உட்காருவது இதனால்தான்.

மூன்றாம், நாலாம் வாரம் அதே ஐந்து நாள், இருபத்தைந்து நிமிடம், பிறகு முப்பது. ஒரே தடவையில் நேரம் இல்லையென்றால் காலையில் பதினைந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து. இப்போது வாரத்துக்கு 150 நிமிடத்தைத் தொட்டுவிட்டீர்கள். நாலாம் வாரக் கடைசியில் ஆறு நிமிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

ஐந்தாம், ஆறாம் வாரத்தில் இரண்டு நாளை மட்டும் மாற்றுங்கள், செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் வேகநடை, மூன்று நிமிடம் மெதுநடை, ஆறு தடவை. வேகநடையில் அடியை நீட்டி வைக்காதீர்கள், அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். முழங்கையை மடித்துக் கையை வீசினால் கால் தானாகக் கூட வரும். பார்வை தரையில் வேண்டாம், இருபது அடி முன்னால் இருக்கட்டும். முதல் செவ்வாய் மதினி மைதானத்தின் கொன்றை மரத்தடியிலிருந்து வேகம் எடுத்தார். எதிர்ப்பக்கம் போவதற்குள் நம்பரைச் சொல்ல ஆரம்பித்து, ஆறாவது எண்ணில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, பாதியில நின்னுட்டு!" முகத்தில் பயம். "அதுதான் மதினி வேணும், இப்ப மெதுவா நடங்க" என்றேன். இரண்டு நிமிடத்தில் மூச்சு அடங்கியதும் அவர் முகத்தில் வந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூச்சு வாங்குவதும், வாங்கிய மூச்சு தானாக அடங்குவதும் நோய் இல்லை என்பதை உடம்பு அன்றுதான் தெரிந்துகொண்டது. பலருக்கு இந்த முறையின் பெரிய பலனே இதுதான்.

ஏழாம், எட்டாம் வாரத்தில் மாற்று நடை மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெது, ஐந்து தடவை. மீதி இரண்டு நாள் சீரான நடை.

ஒன்பதாம் வாரத்திலிருந்து முழுக் கணக்கு: மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெது. முதலில் மூன்று தடவை, அடுத்த வாரம் நாலு, பதினொன்றிலும் பன்னிரண்டிலும் ஐந்து. வாரத்தில் நாலு நாள். ஐந்தாவது நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். முக்கால் மணி நேரம், ஆசைப்பட்டால் ஒரு மணி நேரம், அவசரமில்லாத நீண்ட நடை. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். முழுவதையும் நடக்க வேண்டியதில்லை, குடும்பத்தோடு பாதி தூரம் போய்வர நல்ல இடம்.

போனில் மூன்று நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்க வைப்பது சிலருக்குக் குழப்பம். மைதானத்தில் ஒரு சுற்று வேகம், ஒரு சுற்று மெது என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. தெருவில் என்றால் மின்கம்பங்களை எண்ணலாம்.

நடுவில் தடுக்கி விடுபவை

தசை வலி இரண்டு நாளில் போய்விடும், அதோடு மெதுவாக நடக்கலாம். ஒரே புள்ளியில் குத்தும் வலி, காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் குத்துவது, முட்டி வீங்குவது, இவை வேறு. வேகத்தை உடனே நிறுத்தி ஒரு வாரம் உலாவலுக்குப் போங்கள், தீரவில்லை என்றால் காட்டுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். புழுக்கமான நாளில் அதே வேகத்துக்குத் துடிப்பு அதிகம் ஏறும். வேகத்தைக் குறைத்து அதே மூச்சில் நடங்கள். மழைக்காலத்தில் கூடத்தில் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடக்கலாம், மூன்றுக்கு மூன்று கணக்கு அங்கேயும் நடக்கும். காய்ச்சலோடு நடக்க வேண்டாம். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து உலாவலில் தொடங்குங்கள்.

ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலேயே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். சீமந்தம், பரீட்சை, கோயில் கொடை என்று எல்லார் வீட்டிலும் ஏதாவது வரும். அந்த நாள்களில் மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்கினாலும் உடம்பு மறக்காது.

பக்கத்தில் நடப்பவரோடு ஒப்பிடாதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் உழைப்பில்லாத பல குடும்பங்களுக்கு ஒரே மாதிரி 20 வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஹெரிடேஜ் ஆய்வில், ஆக்சிஜன் பயன்பாடு நிமிடத்துக்குச் சராசரியாக 400 மில்லிலிட்டர் அளவுக்குக் கூடியது. சிலருக்கு ஒரு லிட்டர் கூடியது, சிலருக்கு அசையவே இல்லை. இது குடும்பவழியாகவும் வருகிறது. உங்கள் எண் நாலு வாரத்தில் அசையவில்லை என்றால் உங்களிடம் குறையில்லை. அளவை மாற்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் ஒரு நாளைக் கூட்டுங்கள், அதிலும் அசையவில்லை என்றால் வேகநடை நிமிடங்களைக் கூட்டுங்கள்.

பன்னிரண்டாம் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதினி அதே மைதானத்தில், அதே கோட்டிலிருந்து ஆறு நிமிடம் நடந்தார். 490 மீட்டர், 132, 108. எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது. நோட்டில் பழைய எண்களுக்கு நேர் கீழே எழுதிவிட்டு, அடுத்த சோதனைக்கு நாலு வாரம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துக்கொண்டார்.